முறுக்குக்கு ஒரு வீடு

கௌதமன் போன் செய்தபோது நான் சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்டி, முறுக்கு இன்னைக்கும் சாப்பிடலை. தண்ணிகூட தொடலை. கேட் கிட்டயே படுத்திருக்கு. பில்குல், கொஞ்சம்கூட எழுந்திருக்க மாட்டேங்குது."

நாற்பதுகூட ஆகாத என்னை ஆன்டி என்று கூப்பிடுகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. அன்று அது காதிலேயே விழவில்லை.

"வெயில்லயா படுத்திருக்கான்?"

"ஆமா. நிழல்ல தட்டு வெச்சோம், வரலை. ஷ்ரேயா காலரைப் பிடிச்சு உள்ள இழுக்கப் போனா. பல்லைக் காட்டுச்சு. அவ டர் கயி, ஆன்டி, ரொம்ப பயந்துட்டா."

முறுக்கு எங்கள் நாய். சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு துணி வண்டிக்கு அடியில் குட்டியாகக் கிடந்தவனை, குர்த்தி வாங்கப் போன நான் குர்த்தி வாங்காமல் தூக்கிக்கொண்டு வந்தேன். வால் சுருண்டிருந்ததால் அந்தப் பெயர். எட்டு வருடமாக சரோஜினி நகரிலேயே எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், தடுப்பூசி போடும் டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் பல்லைக் காட்டியதில்லை.

"நாளைக்கு நீங்க ஃப்ளைட் ஏறிடுவீங்க. அப்புறம் நான் யாரைக் கேக்கறது?" கௌதமனின் குரல் இறங்கியது. "இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னு ஷ்ரேயா சொல்றா. அப்பவும் இப்படியே இருந்தா ஷெல்ட்டர்காரங்களைக் கூப்பிடறதுதான் நல்லதுன்னு தோணுது. அவங்க டிரிப்பாவது போடுவாங்கல்ல?"

முறுக்குக்கு வீடு தேடிய நாட்களில் ஒரு நாய்க் காப்பகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கெட்டவர்கள் இல்லை. பாவம், ஒரே ஆள் கம்பிக்கூண்டு கூண்டாக ஓடிக்கொண்டிருந்தார். கத்துகிற நாய்க்குத்தான் அங்கே கவனிப்பு. ஒரு மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கிழட்டு நாயை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிடாத முறுக்கை அங்கே விட்டால் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

"யாரையும் கூப்பிடாத. நான் வர்றேன்," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

எனக்குக் கான்பெராவில் இருக்கும் இந்திய ஹை கமிஷனில் போஸ்டிங். ஊரெல்லாம் வாழ்த்துச் சொன்னது. வேணு, என் கணவர், நீண்ட விடுப்பு வாங்கிக்கொண்டு கூட வருகிறார். முறுக்கு மட்டும் வர முடியாது. இங்கிருந்து நாயை நேராக அந்த நாட்டுக்குக் கொண்டுபோக விடுவதில்லை. வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்து, ரத்தப் பரிசோதனை, மருத்துவச் சான்று, தனிக்கூண்டு வாசம் எல்லாம் முடித்துக் கூட்டிப் போகலாம் என்று நாய்களை அனுப்பும் ஏஜென்சியில் சொன்னார்கள். அந்த வேறொரு நாட்டில் அவனை யார் வைத்திருப்பது என்று கேட்டேன். போனின் மறுமுனையில் இருந்த பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அதன் பிறகு வீடு தேடினேன். டெல்லித் தமிழர் வாட்ஸ்அப் குழுக்கள் அத்தனையிலும் அவன் படத்தைப் போட்டேன். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: என்ன ப்ரீட்? "நம்ம ப்ரீட்தான்," என்று சொன்னால் லைன் கட்டாகிவிடும். முனிர்காவில் தங்கிப் படிக்கும் பையன்கள் ஆசையாகக் கேட்டார்கள், அவர்களுடைய வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வேணுவின் ஆபீசில் ஒருவர், "குடுங்க மேடம், மொட்டை மாடியில கட்டிப் போட்டுட்டா காவலுக்கு ஆச்சு," என்றார். அவரிடம் நான் பேசியதைக் கேட்டுவிட்டு வேணு என்னிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

கடைசியில்தான் கௌதமன் வந்தான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழ் பேசுவான், படிக்க வராது. ஜனக்புரியில் அப்பா அம்மா விட்டுப்போன தரைத்தள வீட்டில் மனைவி ஷ்ரேயாவோடு இருக்கிறான். பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. முதல் ஞாயிறு வந்தவன் சோபாவில் உட்காராமல் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, முறுக்கு தானாகப் பக்கத்தில் வரும்வரை அவனைப் பார்க்காத மாதிரியே இருந்தான். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு ஞாயிறுதோறும் வந்து வாக்கிங் கூட்டிப் போனான். இவன்தான் என்று முடிவு செய்தேன். முந்தாநாள் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

"என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே வேணு உள்ளே வந்தார். சொன்னேன். அவர் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார்.

"கேட்டைப் பாத்தே படுத்திருக்கானா?"

"ஆமா."

"சிந்து, கிளம்பும்போது நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை. சொல்லக் கூடாதுன்னு நாமதான பேசி வச்சிருந்தோம்."

"முறுக்குகிட்ட சொல்லலை. ஷ்ரேயாகிட்ட என்ன சொன்ன?"

நான் சூட்கேஸிலிருந்து இறங்கினேன்.

எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டியதில்லை. திண்டுக்கல்லில் என் அம்மா தெருமுனை வரை போய்விட்ட என்னைக்கூடத் திரும்பக் கூப்பிட்டு, சரியாகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். அந்தப் பழக்கம் என்னோடு டெல்லிக்கும் வந்தது. முறுக்கு குட்டியாக இருந்தபோதே, ஆபீசுக்குக் கிளம்பும்போது அவன் தலையில் கை வைத்து, "போயிட்டு வர்றேன்," என்று சொல்வேன். அவன் நேராகப் போய்க் கதவுப் பக்கம் தலை வைத்துப் படுத்துவிடுவான். நான் திரும்பி வந்து, "வந்துட்டேன்," என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பான். நடுவில் வேணு பிஸ்கட் நீட்டினாலும் தொட மாட்டான், தண்ணீரும் குடிக்க மாட்டான். இதை நாங்கள் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருமுறை ஆபீஸ் வேலையாக லக்னோ போனேன். இவன் பட்டினி கிடப்பானே என்று பயந்து இவனிடம் மட்டும் சொல்லாமல் நழுவினேன். அந்த நாட்களில் அவன் வேணுவோடு ஜாலியாகச் சாப்பிட்டு, சோபாவில் மல்லாந்து தூங்கினான். அன்றிலிருந்து வெளியூர் என்றால் வாயைத் திறப்பதில்லை.

முந்தாநாளும் திறப்பதாக இல்லை. ஆனால் புறப்படும்போது ஷ்ரேயா குங்குமச் சிமிழை நீட்டினாள். குங்குமம் வாங்கிக்கொண்டு மொட்டையாகவா நடப்பார்கள்? இட்டுக்கொண்டேன், மரியாதைக்கு, "போயிட்டு வர்றோம்மா," என்றேன். அந்த நேரம் முறுக்கு என் காலடியில் நின்றிருந்தான். என் இடது கை எங்கே இருந்தது என்று இப்போதுதான் யோசித்தேன். அவன் தலையில் இருந்தது.

"நான்தான் சொல்லிட்டேன்," என்றேன். "நான்தான் அவனை அங்க படுக்க வச்சிட்டு வந்திருக்கேன்."

வேணு திட்டியிருந்தால் தேவலை. "செருப்பைப் போடு," என்று மட்டும் சொன்னார்.

மெட்ரோவில் போயிருக்க வேண்டும். வேணு சொன்னார். எனக்கு ஸ்டேஷன் வரை நடக்கப் பொறுமையில்லை, எதிரே வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறிவிட்டேன். தௌலா குவானில் வண்டிகள் நின்றுவிட்டன. மே மாதக் கடைசி, மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது, லூ என்கிற அனல் காற்று இரண்டு பக்கமும் புகுந்து முகத்தில் அடித்தது. "பையா, ஜல்தி," என்று நான் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன். ஆட்டோக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, நீங்களே ஓட்டுகிறீர்களா மேடம் என்று இந்தியில் கேட்டார். நிழலில் உட்கார்ந்திருக்கும் எனக்கே நாக்கு ஒட்டுகிறது, அவன் சிமெண்ட் தரையில் கிடக்கிறான் என்று நினைத்து நினைத்து எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நாராயணா தாண்டியதும் கௌதமனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மாயாபுரியில் மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டேங்கறான். கூப்பிட்டுட்டாங்களோ?"

"ரோட்டைப் பாத்துட்டு வா. எல்லாத்தையும் முன்னாடியே அழுது முடிக்காத," என்றார் வேணு. அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

அந்தத் தெருவில் திரும்பியதும் கேட்டுக்கு உள்ளே கறுப்புக் குடை ஒன்று தெரிந்தது. கௌதமன் குடையைப் பிடித்துக்கொண்டு முறுக்கின் பக்கத்தில் குந்தியிருந்தான். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதனால்தான் போனை எடுக்கவில்லை.

முறுக்கு கம்பிகளுக்கு நடுவே மூக்கை வைத்துக் கிடந்தான். கண் பாதி திறந்திருந்தது. வயிறு வேகமாக ஏறி இறங்கியது. நான் கேட்டைத் திறந்ததும் தலையைத் தூக்கினான். எழுந்திருக்கப் பார்த்தான், பின்னங்கால் வழுக்கிப் பக்கவாட்டில் சரிந்தான். நான் அந்தக் கொதிக்கிற தரையிலேயே உட்கார்ந்தேன்.

"வந்துட்டேன்டா. வந்துட்டேன்."

உலர்ந்த மூக்கை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். ஷ்ரேயா சற்றுத் தள்ளி நின்று கிண்ணத்தைத் தரையில் நகர்த்தினாள். அவன் நக்கி நக்கிக் குடித்தான், பாதியைக் கக்கினான், மறுபடி குடித்தான். வேணுவும் கௌதமனும் அவனைத் தூக்கிக்கொண்டு போய் முன்னறையில் கூலருக்கு எதிரே படுக்க வைத்தார்கள். நான் பிசைந்துகொடுத்த தயிர்சாதத்தை என் விரலோடு சேர்த்துக் கவ்வினான். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது, வால் தரையில் ஒரு தட்டுத் தட்டியது.

எல்லோருக்கும் மூச்சு வந்த பிறகு ஷ்ரேயா பேசினாள்.

"தப்பா நினைக்காதீங்க ஆன்டி. நீங்க வந்ததும் சாப்பிடுது. நீங்க போனதும் மறுபடி அங்கதான் போய் படுக்கும். எங்க வாசல்ல ஒரு நாய் சாகறதை உக்காந்து பாக்க என்னால முடியாது. அதைவிட ஷெல்ட்டர் பெட்டர்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை, அதனால்தான் அவ்வளவு கோபம். விஷயத்தைச் சொன்னேன், எங்கள் வீட்டு வழக்கம், குங்குமம், என் கை எல்லாவற்றையும். இருவரும் முறுக்கைப் பார்த்தார்கள்.

"அப்ப இந்தத் தடவை சொல்லாம போயிருவோம்," என்றார் வேணு. "லக்னோ போன மாதிரி."

"லக்னோ போனப்ப நீங்க கூட இருந்தீங்க. சொந்த வீடு. இங்க அவனுக்கு யாரு இருக்கா? நம்மளைத் தேடுவான். கேட்டை ஒரு நாள் சரியா மூடலைன்னா சரோஜினி நகருக்குக் கிளம்பிருவான். எத்தனை ரோடு தாண்டணும்?"

வேணு எட்டிக் கேட்டைப் பார்த்தார்.

காத்திருப்பதை அவன் நிறுத்தப்போவதில்லை. எட்டு வருடம் நான் பழக்கியது அதுதான். நிறுத்த முடியாது என்றால், திரும்பி வருகிற ஆளுக்காகக் காத்திருக்கட்டும் என்று தோன்றியது.

"கௌதமா, நீ வெளியே போறப்ப இவன்கிட்ட என்ன சொல்ற?"

"ஒண்ணும் சொல்றதில்லை. பை சொல்லுவேன்."

"பையா? இவனுக்குப் பை தெரியாது. உனக்கு வீட்டுல சொல்லித்தரலையா?"

"அம்மா இருந்தப்ப சொல்லுவேன். சொல்லலைன்னா விட மாட்டாங்க," என்றான். "அம்மா போனதுக்கு அப்புறம் யாருகிட்ட சொல்றது?"

கொஞ்சம் யோசித்துப் பேசக் கற்றுக்கொள் என்று வேணு சொல்வதில் நியாயம் இருக்கிறது.

"இனிமே இவன்கிட்ட சொல்லு," என்றேன். "தலையில கை வச்சு, கண்ணைப் பாத்துச் சொல்லு. பக்கத்துல எங்கயாவது போயிட்டுத் திரும்பி வா. வந்ததும் வந்துட்டேன்னு சொல்லி ஒரு வாய் குடு."

அவன் சொன்னான். போனான். முறுக்கு என் கால் மேல் தாடையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். கௌதமன் திரும்பி வந்ததைக் கவனிக்கவும் இல்லை. இன்னொரு முறை போகச் சொன்னேன். அவசரப்படுகிறாய் என்று திட்டினேன். மறுபடியும் அப்படியே. எட்டு வருடம் நான் பழக்கியவன் என் கால் மேல் கிடந்தான், நான் கௌதமனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்க இங்க இருக்கற வரைக்கும் அது எப்படி கௌதமனைப் பாக்கும்?" என்றாள் ஷ்ரேயா. இந்தத் தடவை அவள் குரலில் கடுமை இல்லை. "நீங்க உள்ள ரூமுக்குப் போங்க. நான் இதுகூட இருக்கேன்."

"உனக்குப் பயம் இல்லையா?"

"இருக்கு," என்று சொல்லிவிட்டு, அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

நான் முறுக்கின் தலையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். எதுவும் சொல்லவில்லை. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முறுக்கு கதவு வரை கூடவே வந்துவிட்டான். நகங்கள் கதவின் கீழ்ப்பகுதியைப் பிறாண்டின. பிறகு முனகல். ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் நடுவில் ஒரு பலகை மட்டும் இருந்தால் எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்திவிடுவான். சொல்லவில்லை. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே கௌதமனின் குரல். "போயிட்டு வரேன், முறுக்கு." கேட் திறக்கும் சத்தம். பிறாண்டல் நிற்கவில்லை. கேட் மறுபடி. "வந்துட்டேன்." பிறாண்டல். என் போன் அதிர்ந்தது, சாமான் கட்ட வரும் பேக்கர்ஸ்காரர், அணைத்துப் போட்டேன். மறுபடி, "போயிட்டு வரேன்." இவனுக்கு அலுக்கவே அலுக்காதா என்று ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் நிதானமானது. யாரிடமோ சொல்ல வேண்டியிருந்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது.

"வருவான், பாரு. வருவான்," என்று ஷ்ரேயா சொல்வது கேட்டது. முறுக்கிடம் சொன்னாள்.

எப்போது நின்றது என்று தெரியவில்லை. திடீரென்று கதவு சும்மா இருந்தது. அந்த அமைதி பிறாண்டலைவிடப் பயமாக இருந்தது. மயங்கிவிட்டானோ? மெதுவாகத் தாழ்ப்பாளை விலக்கி விரல் அளவு திறந்தேன்.

முன்னறை வாசல்படியின் உட்பக்கம், வெயில் படாத இடத்தில், முறுக்கு படுத்திருந்தான். தலை கேட்டைப் பார்த்திருந்தது. முதுகு எனக்கு. ஷ்ரேயாவின் கை அவன் கழுத்துக்கு மேலே, தொடலாமா வேண்டாமா என்று காற்றில் நின்றிருந்தது, பிறகு தொட்டது. அவன் அசையவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, போங்க என்று கண்ணால் சொன்னாள்.

வேணு ஏற்கெனவே பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். சமையலறை வழியாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் என் நாயிடமிருந்து திருடியைப் போல நழுவினேன். யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் ஒரு வீட்டைவிட்டு வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பின்சந்தில் ஏர்கூலர்களின் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெறுங்காலில் அதை மிதித்து நடந்தேன்.

கட்டடத்தின் பக்கச் சந்து வழியாக முன்பக்கத்தின் ஒரு துண்டு தெரிந்தது. நின்றுவிட்டேன். கௌதமன் தெருமுனையிலிருந்து கையில் பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்தான். அவன் கேட்டின் கொக்கியைத் தொடும் முன்பே உள்ளேயிருந்து ஒரு குரைப்பு வந்தது. ஒன்றே ஒன்று, உரக்க ஆரம்பித்துக் கொஞ்சலில் முடிவது. நான் ஆபீஸிலிருந்து வந்து மாடிப்படி ஏறும்போது குரைப்பது. அது எனக்கு மட்டுமே உரியது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

முறுக்கு தள்ளாடிக்கொண்டே கேட் வரை ஓடினான். கௌதமன் குனிந்தான். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. நான் எதற்காக வந்தேனோ அது நடந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. வயிறும் எரிந்தது. இரண்டும் பொய்யில்லை.

"பாத்தது போதும், வா," என்று வேணு என் காதருகே சொன்னார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தால் முறுக்கின் பெயர்தான் வரும். அவ்வளவு பக்கத்தில் இருந்தான், கூப்பிட்டால் நிச்சயம் கேட்டுவிடும். துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு மெயின் ரோடு பக்கம் நடந்தேன்.